பச்சைப் பட்டை ஒட்டிய புத்தகங்கள்

சுந்தரபாண்டியம்,
7.12.2025, ஞாயிறு.

அன்பு மகள் விஜிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நல்லபடியாக இருக்கிறோம், உன் வலது முழங்காலும் நல்லபடியாக இருக்கிறது என்று நீ எழுதினால் எங்கள் சுகம் முழுசாகிவிடும். பரேடு முடிந்து வந்ததும் காலைத் தொங்கப்போட்டு உட்காராதே, சுவரில் தூக்கி வைத்துக் கொஞ்ச நேரம் படு, வெந்நீர் கிடைத்தால் உப்புப் போட்டு ஒத்தடம் கொடு, வீக்கம் இருந்தால் முகாம் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல். வெட்கப்படுகிற வேலையெல்லாம் என்னோடு போகட்டும். இந்த வருடம் மழை மோசமில்லை, கூமாப்பட்டிப் பக்கம் நடவு முடிந்து வயலெல்லாம் பச்சையாகக் கிடக்கிறது. அப்பாவின் லோடு ஆட்டோவுக்கு வத்திராயிருப்பில் தேங்காய்ச் சவாரி ஓயாமல் வருகிறது. மாரியாத்தாள் சித்தி மகளுக்குத் தையில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள், உனக்கு லீவு கிடைக்குமா என்று சித்தி வாரத்துக்கு இரண்டு தரம் கேட்கிறாள், கிடைக்காது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டுப் பார்.

இவ்வளவையும் அவசர அவசரமாக எழுதிவிட்டேன், காரணம் இருக்கிறது. போன தடவை போனில் பேசும்போது நீ ஒன்று சொன்னாய், நான் பதில் சொல்வதற்குள் உன் பத்து நிமிடம் முடிந்து போன் அடுத்த பிள்ளையின் கைக்குப் போய்விட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பேச விடுவார்கள் என்பதால் அந்தப் பதிலை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு மூன்று வாரமாக அலைகிறேன். அதற்குள் இங்கே என்னென்னவோ நடந்துவிட்டது. முந்தாநாள் வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடப் பிரேயரில் ஐந்நூறு பிள்ளைகளுக்கு எதிரே உன் அம்மா மைக்குக்கு முன்னால் நின்றாள். சிரிக்காதே. முதலில் இருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் நான் நூலகப் பொறுப்பு என்று பேருக்குத்தான் இருந்தேன், அந்த அறையில் பழைய வினாத்தாளும் உடைந்த உலக உருண்டையும் தவிர வேறென்ன இருந்தது, உனக்கே தெரியும். நீ படைப் பயிற்சிக்குக் கிளம்பிப் போன மறு மாதம், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தொழிற்சாலை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரைக்குமான பிள்ளைகள் படிக்கிற நாவல்களாகப் பார்த்து எண்பது புத்தகம் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் புத்தம் புதுசு. தலைமையாசிரியர் ஞானபாக்கியம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "செல்வா, நீங்க டிகிரி முடிச்ச பொம்பள, எந்தப் பிள்ளைக்கு எது சரிவரும்னு நீங்கதான் படிச்சுப் பாத்துச் சொல்லணும், வெள்ளிக்கிழமை கடேசிப் பீரியடு உங்களுக்கு" என்றார்கள். விஜி, அப்பா குடும்பம், என் குடும்பம் இரண்டிலும் முதல் ஆளாக நான் வாங்கிய அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியதோடு சரி, அதை வைத்து ஒரு வேலையைச் செய் என்று யாரும் என்னிடம் அதுவரை சொன்னதில்லை. சரிங்க டீச்சர் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

மே மாதம் முழுக்க அதே வேலை. அப்பா ஆட்டோவில் அட்டைப்பெட்டிகளை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார், நான் சோறு வடித்துவிட்டு உட்கார்ந்தால் அடுப்பில் குழம்பு கொதிப்பது மூக்குக்குத் தெரிகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். பன்னிரண்டு வயதில் என் கையில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுக்க யாரும் இருந்ததில்லை, அந்தப் பாக்கியை எல்லாம் ஒரே மாதத்தில் படித்துத் தீர்த்தேன் என்று வைத்துக்கொள். 'காணாமல் போன ஒன்பதாம் நம்பர் பேருந்து' என்று ஒன்று, இரண்டு நிறுத்தத்துக்கு நடுவே ஒரு டவுன் பஸ் காணாமல் போகிறது, அதில் பையை விட்டுவிட்டு டீ வாங்க இறங்கிய மூன்று பிள்ளைகள் அதைத் தேடிப் போகிறார்கள், அவ்வளவுதான் கதை, நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். 'கோல்கீப்பர் மல்லிகா' கொஞ்சம் பெரியது, கடற்கரை ஊரில் பந்தைப் பிடிக்கப் பயப்படுகிற பெண்ணைக் கோல்கீப்பராக நிற்க வைத்துவிடுகிறார்கள், எட்டாவது ஒன்பதாவது பிள்ளைகளுக்கு ரத்தம் சூடேறும். 'அக்காவுக்காக எழுதிய பரீட்சை' இருக்கிறதே, அது பத்தாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு, இரட்டைப் பிள்ளைகளில் தங்கை போய் அக்காவின் பரீட்சையை எழுதிவிட்டு வந்து வருடம் முழுக்கச் சொல்லவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் தவிக்கிறாள், படித்து முடித்து இரண்டு நாள் எனக்கே மனசு சரியில்லை. 'செவ்வாய்க்கிழமை மட்டும் பறக்கும் வீடு' என்று ஒன்று உண்டு, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எண்பதையும் படித்து முடித்ததும் எனக்குக் கை பரபரத்தது. எந்தப் பிள்ளைக்கு எது என்று எப்படிப் பிரிப்பது? நான் பதினோரு வருடம் ராஜபாளையம் மில்லில், நூலைக் கூம்பு அட்டையில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் நின்றவள். அங்கே நாற்பதாம் நம்பர் நூலுக்கு ஒரு நிறக் கோன், அறுபதாம் நம்பர் நூலுக்கு வேறு நிறக் கோன். பார்வைக்கு இரண்டு நூலும் ஒன்று போலத்தான் இருக்கும், கோன் நிறத்தை வைத்துத்தான் பிரிப்போம். ஒரு பெட்டிக்குள் தப்பித்தவறி நிறம் மாறி ஒரே ஒரு கோன் விழுந்துவிட்டால் துணி நெய்து சாயம் போட்டபிறகு கோடு விழும், மொத்த லோடும் திரும்பி வரும், சூப்பர்வைசர் நம்மைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். அந்தப் பயம் என் விரலிலேயே ஏறிப்போயிருக்கிறது. ஆகவே நிறக் காகிதம் வாங்கி, பட்டை பட்டையாக வெட்டி, ஆறு ஏழாம் வகுப்புப் புத்தகங்களின் முதுகில் பச்சை, எட்டு ஒன்பதுக்கு நீலம், பத்துக்கும் அதற்கு மேலேயும் ரோஸ் என்று ஒட்டினேன். அவரவர் நிறத்தில்தான் அவரவர் எடுக்க வேண்டும் என்று கதவில் எழுதியும் ஒட்டினேன். ஞானபாக்கியம் டீச்சர் பார்த்துவிட்டு, "அடேயப்பா, ஆஸ்பத்திரி மாதிரி ஒழுங்கா இருக்கே" என்றார்கள், எனக்கு ஒரு வாரம் காலே தரையில் படவில்லை.

பச்சை நன்றாக ஓடியது. ஆறாம் வகுப்பில் தனுஷ் என்று ஒருவன் இருக்கிறான், ஆடித் தேர் லீவுக்குள்ளேயே பச்சையில் பாதியை முடித்துவிட்டு நீலத்துக்கு வந்து நின்றான், நீ ஆறாவது, உனக்கு நீலம் கிடையாது என்று அனுப்பிவிட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். ஆனால் ஒன்பதாம் வகுப்பு அசையவே இல்லை. வருவார்கள், நீலத்தில் ஒன்றை எடுப்பார்கள், விரித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். நான்தான் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறவள் ஆயிற்றே, மூன்றாவது பெஞ்சில் பாண்டிசெல்வி என்று கூமாப்பட்டியில் இருந்து வருகிற பெண், கோல்கீப்பர் மல்லிகாவில் நாற்பத்தோராம் பக்கத்தை மூன்று வெள்ளிக்கிழமையாகத் திறந்து வைத்திருந்தாள். பக்கம் திரும்பவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவளுக்கும் சொல்ல வரவில்லை, இரண்டு ஊமைகள் ஒரு அறையில் உட்கார்ந்திருந்தோம்.

இதைச் சமூக அறிவியல் ஆசிரியர் சுயம்புலிங்கம் சார் கவனித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்குத் தேர்ச்சி சதவீதம்தான் மூச்சு. ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "டீச்சர், வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைக வெறும் தாளப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு, அந்தப் பீரியடை எங்கிட்டத் தாங்க, பின்தங்குன பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வச்சு நாலு மார்க்கு வாங்க வைக்கேன், கதை படிச்சு எவன் கலெக்டரானான்?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சேலைத் தலைப்பின் கரையை எண்ணிக்கொண்டிருந்தேன். டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முடிவாகச் சொன்னார்கள், அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பிரேயரில் நான் மைக்கில் புத்தகங்களைப் பற்றிப் பேச வேண்டும், எட்டு ஒன்பது வகுப்பில் இருந்து ஒரு பிள்ளையாவது தான் படித்த நாவலைப் பற்றி எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்ல ஆள் இல்லையென்றால் அந்த மணி நேரம் சாருக்கு. நான் வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. மைக்கில் பேசப் பயம். அதைவிட, அந்த அறையை மறுபடியும் வினாத்தாள் கட்டுகளுக்குக் கொடுப்பதை நினைத்தால் அழுகையே வந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, வத்திராயிருப்புப் பேருந்தில் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன். இரண்டு சீட்டு முன்னால் பாண்டிசெல்வி உட்கார்ந்து ஒரு புத்தகம் படிக்கிறாள். முதுகில் நீலப் பட்டை இருக்கிறது, பதிவேட்டிலும் அவள் பெயருக்கு எதிரே கோல்கீப்பர் மல்லிகாதான் இருக்கிறது. ஆனால் புத்தகம் ஒல்லியாக இருந்தது. கோனைக் கையில் தூக்கியே எடை சொன்னவளுக்கு இது தெரியாதா, மல்லிகா அதில் இரண்டு பங்கு கனம். எழுந்து பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் பேருந்து! ஒரு மாதமாக நான் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்த பச்சைப் பட்டைப் புத்தகம். பச்சையின் மேலே நீலத்தை ஒட்டியிருக்கிறாள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன், மில்லில் ஒருத்தி கோன் மாற்றிப் போட்டதைக் கண்டுபிடித்தால் வருகிற கோபம். கையை நீட்டக்கூடப் போனேன். அப்போது அவள் உதட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, விரலை வரியின் கீழே நகர்த்தி நகர்த்திப் படிக்கிறாள், ஒரு வரி முடிய எவ்வளவு நேரம் ஆகிறது, முடிந்ததும் பேருந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். பிறகு மறுபடி விரல். நீட்டப் போன கையை எடுத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளையே பார்த்துக்கொண்டு நின்றதில் சுந்தரபாண்டியம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை, வத்திராயிருப்பில் போய் இறங்கி அப்பாவுக்குப் போன் போட வேண்டியதாயிற்று. ஆட்டோவில் தேங்காய்களுக்கு நடுவே என்னை ஏற்றிக்கொண்டு, "ஏட்டி, இருவது வருசமா எறங்குத ஊரு மறந்துபோச்சா, இனிமே உங்கழுத்துல ஒரு அட்டையில ஊரு பேரு எழுதித்தான் மாட்டணும்" என்று வழியெல்லாம் கேலி.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ பேசினாய். பட்டையை மாற்றி ஒட்டிவிட்டாள், டீச்சரிடம் சொல்லவா வேண்டாமா என்று உன்னிடம் கேட்டேன். அவள் எந்த வகுப்பு என்று கேட்டாய், ஒன்பது என்றேன். பிறகு, "அம்மா, நானும் ஒம்பதாவதுல எழுத்துக் கூட்டித்தாம்மா படிச்சேன், யாருக்கும் தெரியாது, பாடத்த மனப்பாடம் பண்ணித் தப்பிச்சுட்டேன், அப்ப யாராவது எனக்கு ஒரு பச்சைப் புத்தகம் குடுத்திருந்தா நல்லாருந்திருக்கும், பிள்ளைக என்ன கோனாம்மா, அதக் கிழிச்சு எறி" என்றாய். அதோடு போன் போய்விட்டது.

விஜி, நீ ஒன்பதாவது படித்த வருடம் நான் கடைசி வருடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மில்லில் இருந்து வந்து அந்த மடக்கு மேசையில் உட்கார்ந்து இலக்கணத்தைச் சத்தம்போட்டுப் படிப்பேன், எதிரே நீ உட்கார்ந்து உன் புத்தகத்தைப் படிப்பாய், சத்தமே வராது. நம் பிள்ளை மனசுக்குள் படிக்கிறாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். யார் கண் சிமிட்டினாலும் கவனிக்கிற எனக்கு மேசையின் அந்தப் பக்கம் தெரியாமல் போய்விட்டது. இதுதான் நான் மூன்று வாரமாக வாயில் வைத்திருந்த பதில். எனக்குத் தெரியாமல் போய்விட்டதம்மா. அம்மாவை மன்னித்துக்கொள். இதற்கு மேல் இதை எழுதினால் தாள் நனைந்துவிடும், நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை பேருந்தில் நானாகவே பாண்டிசெல்வி பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறாய் என்று கேட்டேன். அவள் புத்தகத்தைப் பைக்குள் மறைக்கப் பார்த்தாள். "டீச்சர், நான் கிழிக்கல டீச்சர், ஒட்டத்தான் செஞ்சேன்" என்றாள். ஏன் என்றேன். "பச்சையத் தூக்கிட்டுப் போனா எந்தம்பியே சிரிப்பான் டீச்சர், அவன் ஆறாவது. நீலத்துல எழுத்துப் பூராம் எறும்பு ஊர்ந்தாப்புல இருக்கு" என்றாள். நான் அவளுக்கு என் மகளைப் பற்றிச் சொன்னேன். சீருடை போட்டு, துப்பாக்கி பிடித்து, தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிற என் மகளும் ஒன்பதாவதில் எழுத்துக் கூட்டித்தான் படித்தாள் என்று. உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் நம்பாமல் என்னைப் பார்த்துவிட்டு, "நெசமாவா? துப்பாக்கியா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

எல்லாப் புத்தகத்தையும் பிள்ளைகளிடம் திருப்பி வாங்கி வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை அப்பாவையும் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போய், ஈரத்துணி வைத்து ஊற வைத்து ஊற வைத்து எண்பது பட்டையையும் உரித்தோம். கதவில் ஒட்டிய காகிதத்தையும் எடுத்துவிட்டேன். அப்பா பாதியில் காணோம். பார்த்தால் மூலையில் கால் நீட்டி உட்கார்ந்து ஒன்பதாம் நம்பர் பேருந்தை வைத்துக்கொண்டு, "ஏட்டி, இந்த டிரைவர் பய ரிவர்ஸ் எடுக்குத எடத்துல இடதுபக்கம் ஒடிச்சிருக்கான், அங்கன வாய்க்கால்லா இருக்கு, வண்டி இறங்கிருமே" என்று கதைக்குள் இருக்கும் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவதோடு நின்ற மனுஷன் விஜி, விடாமல் பதினேழு பக்கம். பிறகு நான் புத்தகங்களை அலமாரியில் முதுகு தெரிய அடுக்காமல் பாய் விரித்து அட்டை தெரியப் பரப்பினேன், வகுப்பெல்லாம் எழுதவில்லை, பாய்க்கு ஒரு தாள் வைத்தேன். சிரிக்க வேண்டும் போல் இருந்தால் இங்கே, யார் மேலாவது கோபமாக இருந்தால் இங்கே, பயந்து பார்க்க ஆசையாக இருந்தால் இங்கே, யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று இருந்தால் இங்கே. அந்த வெள்ளிக்கிழமை வந்து பார்த்திருக்க வேண்டும் நீ! பத்தாம் வகுப்புத் தடியன்கள் ஒன்பதாம் நம்பர் பேருந்துக்குச் சண்டை போடுகிறார்கள், பாதியில் விட்டவளுக்குத்தான் முதலில் என்று அதைப் பாண்டிசெல்வியிடமே திருப்பிக் கொடுத்தேன், தனுஷ் கோல்கீப்பர் மல்லிகாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், இரட்டைப் பிள்ளைகள் கதை நாலாவது பாயில் இருந்து யார் எடுத்தார்கள் என்றே தெரியாமல் போய்விட்டு, நாலு நாள் கழித்து என் மேசையில் கிடந்தது, உள்ளே ஒரு தாளில் இந்த மாதிரி வேறு இருக்கா என்று மட்டும் எழுதியிருந்தது. என்னிடம் வந்து எனக்கு எது சரிவரும் டீச்சர் என்று பிள்ளைகள் கேட்கும்போது நான் பேசுகிறேன் விஜி, நிறுத்தாமல் பேசுகிறேன், எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. எந்த வகுப்பு என்று நான் கேட்பதே இல்லை, இந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்கிறேன், அதிலேயே புத்தகம் தெரிந்துவிடுகிறது.

ஆனால் மைக் இருக்கிறதே. முந்தாநாள் காலையில் இரண்டு தாள் நிறைய எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எட்டு ஒன்பதில் நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள், காலையில் இரண்டு பேருமே லீவு. ஞானபாக்கியம் டீச்சர் என் பெயரைச் சொன்னார்கள். போய் நின்றேன். எதிரே ஐந்நூறு தலை, முதல் வரிசைக்குப் பக்கத்தில் சுயம்புலிங்கம் சார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அன்பான மாணவ மாணவியரே என்று முதல் வரி. அன்பான என்றேன், அவ்வளவுதான், அடுத்த வார்த்தை வரவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சத்தம் மட்டும் மைக்கில் கேட்கிறது. எங்கோ ஒருவன் சிரித்தான். சார் கடிகாரத்தைப் பார்த்தார். போயிற்று, அந்த மணி நேரம் என்னால் போயிற்று என்று நினைத்துக் கண்ணை மூடிவிட்டேன்.

அப்போது ஒன்பதாம் வகுப்பு வரிசையில் இருந்து, "டீச்சர், பஸ்ஸு! அந்தப் பஸ்ஸச் சொல்லுங்க டீச்சர்!" என்று ஒரு குரல். மைதானமே கொல்லென்று சிரித்தது. ஞானபாக்கியம் டீச்சர், "யாரு ஏட்டி அது, பாண்டிசெல்வியா, வா இங்கன, நீயே சொல்லு" என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவள் வந்தாள், என் தோளில் அவள் தோள் இடிக்கிற அளவுக்கு ஒட்டி நின்றாள், இரண்டு பேரில் யார் யாருக்குத் துணை என்று தெரியவில்லை. மைக்கைப் பார்க்கவே இல்லை, நேராகத் தன் வகுப்பைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "ஒரு பஸ்ஸு, ஒம்பதாம் நம்பரு, அதக் காணும். எம்புட்டு பெரிய பஸ்ஸு, அது எப்படிலே காணாமப் போகும்? மூணு பேரோட பையும் அதுலதான் கெடக்கு. ஒருத்தன் பையில சோறு, ஒருத்தன் பையில மார்க்கு சீட்டு, அது காணாமப் போனதுல அவனுக்குச் சந்தோசம்" என்றாள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. கண்டக்டர் வீட்டுக்குப் போனது, ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது எல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கடைசியில் புளியந்தோப்புக்குள்ளே பஸ் நிற்கிறது, உள்ளே ஒருத்தரும் இல்லை, இன்ஜின் இன்னும் சூடாக இருக்கிறது, பின் சீட்டில் என்னவோ அசைகிறது என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள். காக்காய் கத்துவதுகூடக் கேட்டது. அந்த அமைதியில், "பொறவு?" என்று ஒரு குரல் கேட்டது. கேட்டது யார் தெரியுமா, சுயம்புலிங்கம் சார். கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது, முகம் சிவந்துவிட்டது. பாண்டிசெல்வி அவரைப் பார்த்து, "பொறவு எனக்குத் தெரியாது சார், நான் மெதுவாத்தான் சார் படிப்பேன், இன்னும் பன்னெண்டு பக்கம் இருக்கு" என்றாள்.

ஐந்நூறு பேர் முன்னால் சொன்னாள் விஜி. தன் தம்பி நிற்கிற இடத்திலேயே நான் மெதுவாகத்தான் படிப்பேன் என்று சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. ஆறாவதில் இருந்து நாலைந்து பிள்ளைகள், முடிவைச் சொல்லாதக்கா, சொல்லாதக்கா என்று கத்தியதுதான் கேட்டது. ஞானபாக்கியம் டீச்சர் மைக்கை வாங்கி, "அந்தப் பன்னெண்டு பக்கம் முடியாம பீரியடை எப்படி சார் உங்களுக்குத் தர முடியும்?" என்றார்கள், அவ்வளவுதான் தீர்ப்பு. முழுப் பரீட்சை வரைக்கும் வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரம் நமக்குத்தான். சார் என்னைத் தாண்டிப் போகும்போது, "மார்க்கு கொறஞ்சா நீங்கதாம்மா பதில் சொல்லணும்" என்றார். சொல்றேன் சார் என்றேன், வாய்விட்டு, அவர் காதில் விழுகிற மாதிரி. நான் எழுதிக்கொண்டு போன இரண்டு தாளும் அப்படியே இருக்கிறது, ஒரு வார்த்தைதான் செலவானது.

முந்தாநாள் சாயங்காலமே பாண்டிசெல்வியிடம் கேட்டேன், என் மகள் ரொம்பத் தூரத்தில் இருக்கிறாள், காலையில் இருந்து ஓட்டம், முழங்கால் வலி, எழுத்துக் கூட்டிப் படித்தவள், இப்போது படிக்க நேரமும் குறைவு, அவளுக்கு எது சரிவரும் என்று. நான் கோல்கீப்பர் மல்லிகாவை எடுத்து வைத்திருந்தேன். அவள் அதைத் தள்ளிவிட்டு, "நாள் பூராம் ஓடுத ஆளுக்கு ஓடுத கதை எதுக்கு டீச்சர்?" என்று எல்லாப் பாயையும் சுற்றி வந்து, 'செவ்வாய்க்கிழமை மட்டும் பறக்கும் வீடு' புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். "இதக் குடுங்க, அக்கா உக்காந்த எடத்துலேயே ஊருக்கு வந்துட்டுப் போயிரும்" என்றாள். பால்கோவாவோடு அதையும் பார்சலில் வைத்திருக்கிறேன். பால்கோவாவை உன் அறைப் பிள்ளைகளுக்கும் கொடு, டப்பாவைத் திறந்தால் இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். புத்தகத்தின் முதுகில் பச்சைப் பட்டை உரித்த தடம் கொஞ்சம் இருக்கும், எவ்வளவு தேய்த்தும் போகவில்லை, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்கு மஃப்ளரைக் காதை மறைத்துக் கட்டு, முழங்காலை மறக்காதே, டாக்டரைப் பார். அப்பா உனக்குத் தனியாக எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அந்த டிரைவரைப் பற்றியதாகத்தான் இருக்கும். நம் ஆண்டாள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், எடுத்த பயிற்சியை நல்லபடியாக முடித்து நிமிர்ந்து வா. புத்தகம் பள்ளிக்கூடத்துடையது, ஞாபகம் இருக்கட்டும், பதிவேட்டில் உன் பெயரிலேயே எழுதியிருக்கிறேன். திருப்பித் தர மற்றப் பிள்ளைகளுக்குப் பதினைந்து நாள், உனக்கு மட்டும் நீ வருகிற வரைக்கும். மெதுவாகவே படி. வகுப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
சி. செல்வலட்சுமி.